வெள்ளை வானமும் கறுத்த விமானமும்

விமானத்தைப் படம் எடுத்துப் பார்த்தவங்களுக்கு இந்தக் கடுப்பு தெரிஞ்சிருக்கும். கண்ணுக்கு வெள்ளையும் சிவப்புமா பளிச்சுனு தெரிஞ்ச விமானம், வீட்டுக்கு வந்து பொட்டியில ஏத்திப் பார்த்தா அண்டங்காக்கா மாதிரி கறுப்பா நிக்கும். பின்னாடி வானம் சுண்ணாம்பு அடிச்ச சுவரு. உடனே ஃபோட்டோஷாப்பையோ கிம்ப்பையோ திறந்து பிரைட்னஸ்ஸை ஒரு இழு, கான்ட்ராஸ்ட்டை ஒரு இழு. விமானம் கொஞ்சம் வெளுக்கும், வானம் சுத்தமா காணாமப் போகும். சரி, போதும்னு சேமிச்சு வச்சிட்டுப் படுத்துடுவோம்.

நம்ம ஊரு கனகம்மாசத்திரம். திருவள்ளூர்லேர்ந்து திருத்தணி போற வழியில, திருப்பதி பஸ்ஸுல தூங்காம வர்றவங்க கண்ணுல மட்டும் படுற ஊரு. :-) பாதிப் பேரு தமிழும் தெலுங்கும் கலந்துதான் பேசுவோம். தரையில பெருசா ஒண்ணும் இல்லைன்னாலும் எங்க வானத்துல எப்பவும் நடமாட்டம் உண்டு. ஒரு பக்கம் சென்னைக்குப் போற வர்ற பயணிகள் விமானம். இன்னொரு பக்கம் அரக்கோணம் கடற்படைத் தளம், ஐ.என்.எஸ். ராஜாளி. 1992-ல ஆரம்பிச்சது. முதல் இருபத்தஞ்சு வருஷம் அங்கே ரஷ்யாவோட டியூ-142 இருந்தது. நாலு எஞ்சின், ஒவ்வொண்ணுலயும் எதிரும் புதிருமா சுத்துற ரெண்டு ப்ரொப்பெல்லர். அது கிளம்பினா ஊரையே உலுக்குற சத்தம். 2017-ல அதுக்கு ஓய்வு கொடுத்துட்டாங்க. 2013-லேர்ந்து வந்து சேர்ந்த பி-8ஐ இப்ப பறக்குது. (ராணுவத் தளத்துப் பக்கம் கேமராவைத் தூக்கக் கூடாது மக்களே. நான் அதைக் கண்ணால பார்க்கிறதோட சரி.)

அந்த பி-8ஐ-யோட நிறத்தைக் கவனிச்சிருக்கீங்களா? மங்கின சாம்பல். வானத்துக்கும் விமானத்துக்கும் இருக்கிற வித்தியாசத்தை அழிக்கிறதுக்காகவே பூசின பெயிண்ட். அதாவது கான்ட்ராஸ்ட்டைக் குறைக்கக் காசு செலவழிச்சு ஒரு துறையே வேலை பார்த்திருக்கு. நாம இங்கே உட்கார்ந்துக்கிட்டு அதைக் கூட்ட மல்லுக்கட்டுறோம்.

இந்த மல்லுக்கட்டு டிஜிட்டல் காலத்து விஷயம்னுதான் ரொம்ப நாளா நினைச்சுட்டிருந்தேன். கொஞ்சம் கொசுவர்த்தி சுத்திப் பார்த்தா நூத்தி அறுபது வருஷத்துக்கு மேல பின்னாடி போகுது. அதுவும் நம்ம தஞ்சாவூருக்கே போகுது.

விமானம்ங்கிற சொல்லுக்கு நம்ம ஊருல ஒரு பழைய பொருள் உண்டே, கருவறைக்கு மேல எழும்புற விமானம். லின்னேயஸ் ட்ரைப்னு ஒரு கம்பெனி ராணுவ அதிகாரி. 1856-ல மெட்ராஸ் மாகாணத்துக்கு அரசாங்கப் புகைப்படக்காரரா வந்தார். 1858 வாக்குல திருச்சி, ஸ்ரீரங்கம், மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர்னு பெரிய பெரிய காகித நெகட்டிவ்களைத் தூக்கிக்கிட்டு அலைஞ்சிருக்கார். தஞ்சைப் பெரிய கோயில் அடித்தளத்துல இருக்கிற கல்வெட்டுகளைத் துண்டு துண்டா எடுத்து, 21 படங்களை ஒட்டி, கிட்டத்தட்ட 19 அடி நீளத்துக்கு ஒரே படமா ஆக்கினவர் அவர்தான். இன்னைக்கு நாம பனோரமானு செல்போன்ல இழுக்கிறோமே, அதே சமாச்சாரம்.

அவருக்கும் நம்ம வியாதிதான். கீழே கறுத்த கல்லு, மேல மெட்ராஸ் வெயில்ல தகிக்கிற வானம். கல்லுல இருக்கிற சிற்பம் விழணும்னு நேரம் கொடுத்தா வானம் மொத்தமா வெளுத்துடும். வெறும் வெள்ளைக் காகிதத்துல கோபுரத்தை வெட்டி ஒட்டின மாதிரி இருக்கும். மனுஷன் என்ன செஞ்சார் தெரியுமா? தூரிகையை எடுத்து நெகட்டிவ்லயே சாயம் பூசி மேகம் வரைஞ்சுட்டார். நெகட்டிவ்ல கறுப்பு வச்சா பிரதியில வெள்ளை. ஆக, வெறும் வெளுப்பா போயிருக்க வேண்டிய இடத்துல மெதுவா மேகம் திரண்டு நிக்குது. மரங்களோட இலையையும் சில இடத்துல தொட்டிருக்கார். இன்னைக்கு ‘வானத்தை மாத்து’னு ஒரே பட்டனுக்கு வந்து நிக்கிற வேலை, 1858-ல நம்ம மாகாணத்துலயே தூரிகையால நடந்திருக்கு. பாவம், அவரோட துறையை 1860 வாக்குல மூடிட்டாங்க. கவர்னர் ட்ரெவெல்யன் கண்ணுக்கு அது வீண் செலவா பட்டுச்சு. அரசாங்கம் எப்பவும் அரசாங்கம்தான்.

சரி, வானம் ஏன் அப்படி வெளுத்தது? வெளிச்சம் ஜாஸ்திங்கிறது பாதிக் காரணம்தான். அந்தக் காலத்து ரசாயனத்துக்கு நீலம் மட்டும்தான் சரியா தெரியும். பச்சை அரைகுறை, சிவப்புக்குச் சுத்தக் குருடு. வானமோ முழுக்க நீலம். அதனால நம்ம கண்ணுக்கு ஓரளவு அடர்த்தியா தெரியற நீல வானம், அந்தத் தகட்டுக்குக் கொதிக்கிற வெள்ளை. டார்க் ரூம்ல சிவப்பு பல்பு எரியறதைப் பார்த்திருப்பீங்க. அதுவும் இதே குருட்டுத்தனத்தை வச்சுத்தான். சிவப்பு தெரியாத காகிதம்ங்கிறதால அந்த வெளிச்சத்துல தைரியமா வேலை பார்க்கலாம். 1873-ல ஹெர்மன் வோகல்னு ஜெர்மன்காரர் ஒருத்தர், சில சாயத்தைச் சேர்த்தா தகட்டுக்குப் பச்சையும் தெரியுதுனு கண்டுபிடிச்சார். எல்லா நிறமும் தெரியற பான்குரோமேட்டிக் தகடு 1906-லதான் இங்கிலாந்துல கடைக்கு வந்தது. வந்தாலும் எல்லாரும் உடனே மாறிடலை. பழைய வகைதான் மலிவு, கையாளவும் சுலபம்.

இப்ப தேதிகளைக் கவனிங்க. ரைட் சகோதரர்கள் பறந்தது 1903. மெட்ராஸ்ல ஹோட்டலும் மிட்டாய்க் கடையும் நடத்தின டி’ஏஞ்செலிஸ், சிம்ப்சன் கம்பெனி உதவியோட சொந்தமா விமானம் கட்டிப் பறந்து காட்டினது 1910. முதல் உலகப் போர் 1914. விமானத்தோட முதல் பதினைஞ்சு வருஷத்துப் படங்கள்ல பெரும்பாலானது நீலத்தை வெள்ளையாவும் சிவப்பைக் கறுப்பாவும் பார்க்கிற தகட்டுல எடுத்தது. உலகத்துலயே அதிகமா வானத்தோட சேர்த்து எடுக்கப்படற பொருளை, வானமே தெரியாத தகட்டுல எடுத்திருக்கோம்.

ரைட் சகோதரர்களோட அந்தப் புகழ்பெற்ற படத்தை எடுத்தவர் ஜான் டேனியல்ஸ். கடற்கரை உயிர்காப்பு நிலையத்து ஊழியர். அதுக்கு முன்னாடி கேமராவைத் தொட்டதே இல்லை. ஆர்வில் கேமராவை நிறுத்தி, பந்தைக் கையில கொடுத்து, விமானம் மேல எழும்பினா அமுக்குனு சொல்லியிருக்கார். அமுக்கிட்டார்! 1903 டிசம்பர் 17, காலை 10.35. அந்தக் கண்ணாடித் தகடு 1913-ல டேட்டன் நகர வெள்ளத்துல மூழ்கி, ஒரு மூலை பிஞ்சு போச்சு. மிச்சம் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்துல இருக்கு. அந்தப் படத்தைக் கணிப்பொறியில பெருசாக்கிப் பாருங்க. வெள்ளைத் துணி இறக்கை, வெளுத்த வானம், வெளுத்த மணல். வித்தியாசம் நூலிழைதான். கீழே மணல்ல காலடித் தடம் இருக்கு. இறக்கையைத் தாங்கின பெஞ்சு, ஒரு மண்வெட்டி, எஞ்சினைக் கிளப்புற மின்பெட்டி எல்லாம் கிடக்கு. முன்பக்கச் சுக்கான் அளவுக்கு மீறித் திரும்பியிருக்கிறதும் தெரியுது. 12 செகண்டுல 120 அடி போய் ஏன் தரையைத் தொட்டதுங்கிறதுக்கு அதுவே ஒரு சாட்சி. இதே படத்தைப் பாடப் புத்தகத்துல பார்த்திருப்பீங்க, கறுப்பு வெள்ளையா வெட்டி வச்ச மாதிரி. கான்ட்ராஸ்ட்டை ஏத்தி ஏத்தி அச்சடிச்சதுல காலடியும் இல்லை, மண்வெட்டியும் இல்லை. விமானம் மட்டும் பளிச்.

எனக்கு இந்த விஷயத்துல அக்கறை வந்த இடம் இதுதான். படத்தை நல்லா ஆக்குறோம்னு ஸ்லைடரை இழுக்கிறப்ப சாட்சியைத்தான் முதல்ல வெளியே அனுப்புறோம்.

முதல் உலகப் போர் விமானங்களோட நிறத்தைப் பத்தி ஆராய்ச்சிக்காரங்க இன்னைக்கும் சண்டை போடறாங்க. ரிச்தோஃபனோட சிவப்பு ட்ரைப்ளேன் படத்துல கறுப்பாத்தான் இருக்கும். சிவப்பும் கறுப்பா விழும், கரும்பச்சையும் கறுப்பா விழும். ஆக, எந்த விமானம் முழுக்கச் சிவப்பு, எது பாதிச் சிவப்புனு படத்தை மட்டும் பார்த்துச் சொல்லிட முடியாது. இரண்டாம் உலகப் போர்ல பிரிட்டிஷ் விமானத்தோட வட்டக் குறிக்கு வெளியே மஞ்சள் வளையம் ஒண்ணு போட்டாங்க. சில படத்துல அது வெளிறித் தெரியும், சில படத்துல கறுப்பா தெரியும். ஒரே பெயிண்ட்தான், ஃபிலிம்தான் வேற. இது தெரியாம ‘நிறமூட்டின பழைய படம்’னு யாராவது கலர் அடிச்சுப் போட்டா நம்பிடாதீங்க. இப்பல்லாம் மென்பொருளே அடிச்சுத் தருது. அதுக்கு எந்த ஃபிலிம்னு கேட்கத் தெரியாது.

இங்கே நம்ம வட்டாரத்துக் கதை ஒண்ணு சொல்லணும்.

அரக்கோணம் தளம் இருக்கிற இடத்துல போர்க் காலத்துலயே, 1942 வாக்குல, ஒரு விமான ஓடுபாதை போட்டிருந்தாங்க. அது ஜப்பான் பயம் உச்சத்துல இருந்த வருஷம். ஏப்ரல்ல மெட்ராஸ் நகரமே பாதி காலியாச்சு. அந்தப் பக்கத்துக்காரர், நம்ம நண்பர் ஒருத்தர், போன வருஷம் ஒரு படத்தை எடுத்துக்கிட்டு வந்தார். உள்ளங்கை அகலம். ஓரமெல்லாம் மஞ்சளடிச்சு, நடுவுல ஒரு மடிப்பு. ஆறு பேரு வரிசையா நிக்கிறாங்க, அதுல ஒருத்தர் அவங்க தாத்தா. பின்னாடி ஒரு விமானத்தோட வால் பக்கம், உடம்புல வட்டக் குறி. “நல்லா ப்ரைட்டா ஆக்கிக் குடு தம்பி, ஃப்ரேம் போடணும்.” வீட்டுல ஒரு பழைய தகராறு வேற. ஓடுபாதை போட்டப்பவே, 42-லயே, தாத்தா அங்கே வேலைக்குச் சேர்ந்துட்டார்னு பெரியப்பா கட்சி. இல்லை, கடைசி ரெண்டு வருஷம்தான்னு சித்தப்பா கட்சி. இதுல என்ன இருக்குனு கேட்காதீங்க. 42-ல தாத்தா வெளியூர் போயிருந்த நேரத்துலதான் அவரோட தம்பி காய்ச்சல்ல போனது. அப்ப வீட்டுல இருந்தாரா இல்லையாங்கிறதுதான் எண்பது வருஷமா அந்தக் குடும்பத்துல ஆறாத புண்ணு.

ஸ்கேன் பண்ணினேன். ஸ்கேனரோட வந்த மென்பொருள்ல ‘ஆட்டோ’னு ஒரு பட்டன் இருக்கு பாருங்க, அதை அமுக்கினா படம் சூப்பர். ஆறு முகமும் தெளிவு. வட்டக் குறி நடுவுல வெள்ளை, சுத்தி கறுப்பு. ஆட்டோவை எடுத்துட்டு மூலத்தைப் பார்த்தா நடுவுல இருக்கிறது வெள்ளையே இல்லை. லேசான சாம்பல்.

அந்தச் சாம்பலுக்கு ஒரு அர்த்தம் இருக்கு. பிரிட்டிஷ் வட்டக் குறியோட நடுவுல சிவப்புப் புள்ளி இருக்கும். ஜப்பான் விமானத்துக்கும் சிவப்பு வட்டம்தான் அடையாளம். தூரத்துலேர்ந்து பார்க்கிறவன் ரெண்டையும் குழப்பி, சொந்த ஆளையே சுட்டுடுவான். அதனால 1942-43-ல இந்தியா, பர்மா பக்கம் பறந்த விமானங்கள்ல சிவப்பை அழிச்சுட்டு வெள்ளை ஆக்கினாங்க. வெள்ளை ரொம்பப் பளிச்சுனு தெரிஞ்சதால அப்புறம் அதையும் வெளிர்நீலம் ஆக்கினாங்க. நம்ம இந்திய விமானப்படை விமானங்களுக்கும் அதே கரும்நீலம், வெளிர்நீலம்தான். ஆக நடுப்புள்ளி சிவப்பா வெள்ளையா வெளிர்நீலமாங்கிறதை வச்சே படத்தோட காலத்தைக் கிட்டத்தட்ட சொல்லலாம்.

கறுப்பு வெள்ளைப் படத்துல எப்படி? தாத்தாவுக்குப் பக்கத்துல நிக்கிறவர் வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். வட்டமும் சட்டையும் ஒரே வெயில்லதான் இருக்கு. சட்டையோட வெளிச்ச அளவை எடுத்தேன், வட்டத்து நடுவையும் எடுத்தேன். நாலஞ்சு இடத்துல வச்சுப் பார்த்தாலும் வட்டம் சட்டையை விடக் கண்டிப்பா இருட்டு. வெள்ளை பெயிண்ட் அழுக்காகியிருக்கலாமேனு கேட்கலாம். அழுக்குன்னா திட்டுத் திட்டா இருக்கும், இது ஒரே சீரா இருக்கு. வெளி வளையம் நல்ல கறுப்பு. பழைய வகை ஃபிலிமா இருந்தா அந்த நீல வளையம் வெளுத்திருக்கும். கறுத்திருக்கிறதால இது பான்குரோமேட்டிக்தான். அப்படின்னா நடுவுல வெளிர்நீலம். 1943 வாக்குலேர்ந்து போர் முடிஞ்சு கொஞ்ச நாள் வரைக்கும். 42 இல்லை.

‘ஆட்டோ’ பிரதியில சட்டை 255, வட்டமும் 255. ரெண்டும் முழு வெள்ளை. விவகாரம் அங்கேயே முடிஞ்சிருக்கும், தப்பா முடிஞ்சிருக்கும். இந்த ஒரு படத்தை வச்சு தாத்தா 42-ல அங்கே இல்லவே இல்லைனும் சொல்லிட முடியாது, இந்தப் படம் அப்ப எடுத்தது இல்லைனு மட்டும்தான் சொல்லலாம். அதை அப்படியே நண்பர்கிட்ட சொன்னேன். முகம் தெளிவா தெரியற பிரதி ஒண்ணு ஃப்ரேமுக்கு, மூலத்தை அப்படியே வச்ச பிரதி ஒண்ணு அலமாரிக்குனு ரெண்டு போட்டுக் கொடுத்தேன். பெரியப்பாவுக்கு ரெண்டும் பிடிக்கலையாம்.

அந்த ‘ஆட்டோ’வுக்கும் கர்வ்ஸுக்கும் தாத்தா யாருனு பார்த்தா அது இன்னொரு கதை. இங்கிலாந்துல ஒரு சோடா உப்புத் தொழிற்சாலை. அங்கே வேலை பார்த்த ரெண்டு பேரு, ஹர்ட்டர்னு ஒரு சுவிஸ் வேதியியல்காரர், ட்ரிஃபீல்டுனு ஒரு இங்கிலீஷ் எஞ்சினியர். எவ்வளவு வெளிச்சம் கொடுத்தா தகடு எவ்வளவு கறுக்கும்னு அளந்து பார்க்க ஆரம்பிச்சாங்க. அதுவரைக்கும் எக்ஸ்போஷர்ங்கிறது கைப்பழக்கம், குத்துமதிப்பு. ‘இன்னைக்கு வெயில் நல்லா இருக்கு, மூணு எண்ணிட்டு மூடு’ ரகம். இவங்க 1890-ல ஒரு வரைபடத்தை வெளியிட்டாங்க. கீழே ஒரு பாதம், நடுவுல நேரா ஏறுற சரிவு, மேல ஒரு தோள். ஆங்கில எஸ் எழுத்தைச் சாய்ச்சு வச்ச மாதிரி. சரிவு செங்குத்தா இருந்தா கான்ட்ராஸ்ட் ஜாஸ்தி, படுத்திருந்தா கம்மி. பாதத்துல விழுந்தது எல்லாம் நிழலோட நிழலா கலந்துடும். தோள்ல விழுந்தது எல்லாம் வெள்ளையோட வெள்ளையா கலந்துடும். ஃபோட்டோஷாப்புல கர்வ்ஸைத் திறந்து நடுவுல ரெண்டு புள்ளி வச்சு எஸ் வடிவத்துல வளைக்கிறீங்களே, 1890-ல ரெண்டு பேரு உப்புத் தொழிற்சாலை வேலை முடிஞ்ச பிறகு உட்கார்ந்து வரைஞ்சதோட வாரிசு அது.

நடுவுல இருட்டறைக் காலம். திருத்தணியில ஒரு ஸ்டூடியோ அண்ணன்கிட்ட பள்ளிக்கூட லீவுல எடுபிடி வேலை பார்த்திருக்கேன். ஹைப்போ நாத்தம் சட்டையை விட்டுப் போகவே போகாது. ஊட்டியில இந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ் தயாரிச்ச ‘இந்து’ அட்டைப் பெட்டியெல்லாம் அடுக்கி வச்சிருப்பார். (அந்தத் தொழிற்சாலை இப்ப மூடியாச்சு.) முகம் கறுத்து வர்ற இடத்துல ஒரு கம்பி நுனியில வட்ட அட்டையை ஒட்டி, வெளிச்சத்துக்குக் குறுக்கே ஆட்டிக்கிட்டே இருப்பார். அங்கே மட்டும் வெளுக்கும். வெளுத்துப் போன வேட்டிக்கு, கையைக் குவிச்சு நடுவுல ஓட்டை விட்டு, அங்கே மட்டும் வெளிச்சம் விழற மாதிரி பிடிப்பார். அது கறுக்கும். ஆட்டாம அசையாம பிடிச்சா ஓரத்துல கோடு விழும், ஆட்டிக்கிட்டே இருக்கணும். ஃபோட்டோஷாப்புல டாட்ஜ், பர்ன்னு ரெண்டு கருவி இருக்கு, சின்னப் படத்தைக் கவனிச்சுப் பாருங்க. ஒண்ணு கம்பியில ஒட்டின வட்டம். இன்னொண்ணு குவிச்ச கை. 1990-ல அதை வெளியிட்ட நோல் சகோதரர்களோட அப்பாவும் வீட்டுலயே இருட்டறை வச்சிருந்தவர்.

இதெல்லாம் இருக்கிறதைக் காட்டுற வேலை. இல்லாததை வைக்கிறதும் ரொம்பப் பழசுதான். 1917-ல ஆஸ்திரேலிய ராணுவத்தோட போய்ப் படம் எடுத்தவர் ஃப்ராங்க் ஹர்லி. ஒரே நெகட்டிவ்ல போர்க்களம் அடங்கலையேனு அவருக்கு ஆதங்கம். சிப்பாய்கள் ஒரு நெகட்டிவ்ல, புகை ஒண்ணுல, விமானம் இன்னொண்ணுலனு 12 நெகட்டிவை ஒண்ணா சேர்த்து அச்சிட்டு, 1918-ல லண்டன் கண்காட்சியில சுவர் அளவுக்கு மாட்டினார். போர் வரலாற்றை எழுத வந்த சார்லஸ் பீன் அதெல்லாம் போலினு ஒரேயடியா எதிர்த்தார். ஹர்லி ராஜினாமா வரைக்கும் போனார். எனக்கு இதுல பீன் பக்கம்தான். ஆனா ஹர்லியைத் திட்டிட்டு ட்ரைப்போட மேகத்தை ரசிக்கிறது நியாயமானு கேட்டீங்கன்னா கொஞ்சம் தலையைச் சொறியணும். ட்ரைப் மேகத்தை எதுக்கும் சாட்சியா வைக்கலை, கோயிலைத்தான் வச்சார்னு சொல்லித் தப்பிச்சுக்கிறேன்.

1933-ல லண்டன்லேர்ந்து ஒரு புத்தகம், ஒரு போர் விமானியோட டைரியாம், ஆகாயச் சண்டைப் படங்களோட. விமானங்கள் மோதுறதும் எரியறதும் ஆள் கீழே விழறதும் பக்கத்துலேர்ந்து எடுத்த மாதிரி. அரை நூற்றாண்டு நிறைய பேர் நம்பினாங்க. 1980-கள்ல ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்துக்கு வந்த காகிதக் கட்டுல உண்மை வெளிய வந்தது. எல்லாம் பொம்மை விமானம். கம்பியில தொங்கவிட்டு எடுத்து, கம்பியை அழிச்சிருக்காங்க. அதுலயும் வெளுத்த வானம்தான் கூட்டாளி. பின்னாடி ஒண்ணுமே இல்லாத வானத்துல எதை வேணும்னாலும் ஒட்டலாம்.

சரி, நம்ம வேலைக்கு வருவோம். 2024 அக்டோபர் 6, மெரினாவுல விமானப்படை சாகசக் காட்சி. லட்சக்கணக்குல கூட்டம், பதினோரு மணிலேர்ந்து ஒரு மணி வரைக்கும் மொட்டை வெயில். வெயிலும் நெரிசலும் சேர்ந்து அன்னைக்கு அஞ்சு பேர் உயிரையே பறிச்சது. படம் எடுக்கிறவன் கண்ணோட்டத்துல பார்த்தா அதைவிட மோசமான வெளிச்சம் கிடையாது. அக்டோபர் முதல் வாரத்துல உச்சி வெயில் நம்ம தலைக்கு மேல கொஞ்சம் தெற்கே சாய்ஞ்சு நிக்கும். விமானத்தோட முதுகு தகிக்குது, நாம பார்க்கிறது வயித்தை. வயிறு முழுக்க நிழல். பின்னாடி கடல்காத்து ஈரம் கலந்த வெளிறின வானம்.

கேமராவோட வெளிச்ச மானிக்கு ஒரு மூட நம்பிக்கை உண்டு. உலகம் மொத்தமும் நடுத்தரச் சாம்பல் நிறம்னு நினைக்கும். வெள்ளை வானத்தைக் காட்டினா ‘ஐயோ, ரொம்ப வெளிச்சம்’னு தானே குறைச்சுக்கும். விமானம் காக்கா ஆகுறது இப்படித்தான். அதனால எடுக்கிறப்பவே ஒரு ஸ்டாப் கூட்டி வைங்க. பிறகு பார்த்துக்கலாம்னு விட்டா என்ன ஆகும்னு கணக்குல சொல்றேன். 14 பிட் ரா கோப்புல மொத்தம் 16,384 படிகள். அதுல சரிபாதி, 8,192, ரொம்ப வெளிச்சமான ஒரே ஸ்டாப்புக்குப் போயிடும். அடுத்த ஸ்டாப்புக்கு 4,096, அதுக்கடுத்து 2,048. இப்படியே இறங்கி விமானத்தோட வயித்துக்கு வர்றப்ப நூத்துச் சொச்சம்தான் மிஞ்சும். அதை ஸ்லைடரால இழுத்து மேல கொண்டு வந்தா வர்றது வயிறு இல்லை, பொரி. ஜேபெக்ல மொத்தமே 256 படி, கேட்கவே வேணாம்.

நான் செய்யற வரிசை இது. முதல்ல மொத்தப் படத்தோட எக்ஸ்போஷரைத் தொடவே மாட்டேன். ஹிஸ்டோகிராமைப் பார்ப்பேன். வலது பக்க மலை வானம், இடது பக்கக் குட்டிக் குன்று விமானம், நடுவுல பள்ளம். வான மலை வலது சுவத்துல முட்டாம இருக்கானு பார்த்துட்டு, ஷேடோஸை மட்டும் ஏத்துவேன். பிறகு படத்துல உண்மையிலேயே கறுப்பா இருக்க வேண்டிய ஒண்ணைத் தேடுவேன், டயர், எஞ்சின் வாய் மாதிரி. கறுப்புப் புள்ளியை அங்கே வைப்பேன். ஈரப்பதத்தால வந்த சாம்பல் மூட்டம் பாதி அதுலயே விலகிடும். கான்ட்ராஸ்ட் கடைசியில, கர்வ்ஸ்ல நடுச் சரிவை மட்டும் கொஞ்சம் நிமித்தி. க்ளாரிட்டினு ஒரு ஸ்லைடர் இருக்கு, அதை விமானத்துகிட்ட கொண்டு போகாதீங்க. ஓரம் முழுக்க சாமி படத்துல இருக்கிற ஒளிவட்டம் மாதிரி வந்துடும். ஒரு தடவை ஈக்வலைஸ் அடிச்சுப் பாருங்க, சென்சார்ல ஒட்டின தூசியெல்லாம் வானத்துல அம்மைத் தழும்பு மாதிரி எழும்பி நிக்கும். துடைச்சுட்டு, ஈக்வலைஸை நீக்கிடுங்க. மூல ரா கோப்பு எப்பவும் தனியா இருக்கட்டும்.

அன்னைக்கு எடுத்ததுல சூர்யகிரண் படங்கள் சுலபம். சிவப்பு வெள்ளை ஹாக் விமானம், நிழல்லயும் சிவப்பு காட்டிக்கொடுத்துடும். கஷ்டப்படுத்தினது டகோட்டா. ப்ரொப்பெல்லர் உறைஞ்சு நிக்கக் கூடாதுனு ஷட்டரை 1/200-க்கு இறக்கியிருந்தேன், பாதிப் படம் ஆட்டத்துல போச்சு. மிஞ்சினதுல ஒண்ணுல வால் பக்கம் முழுக்க இருட்டு. ஷேடோஸை மெதுவா ஏத்தினேன், கறுப்புப் புள்ளியை டயர்ல வச்சேன், கர்வ்ஸ்ல கீழ்ச் சரிவை மட்டும் ஒரு இழை தூக்கினேன். பொரி கிளம்பறதுக்கு ஒரு படி முன்னாடி நிறுத்தினேன். வால் பக்கத்துல எழுத்து தெரிஞ்சது. வி.பி. 905. 1947 அக்டோபர் 27-ல முதல் சீக்கிய ரெஜிமென்ட் சிப்பாய்களை ஸ்ரீநகருக்கு ஏத்திக்கிட்டுப் போன டகோட்டாவோட எண் அது. அந்த விமானத்தோட நினைவா இந்த விமானத்துல எழுதியிருக்காங்க. ஆட்டோ போட்டுப் பார்த்தேன், ஐந்தும் பூஜ்யமும் ஒண்ணோட ஒண்ணு கலந்துடுச்சு. கன்ட்ரோல் இசட்.